துவைத்தால் போகிற சிவப்பு

ஜூன் 4

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் வாயாடி எழுதுகிறேன். அப்பா உங்கள் வீட்டிலிருந்து பத்திரமாக வந்து சேர்ந்தார். நீங்களும் மாமாவும் சுகம்தானே? மாமாவின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? அவர் படியேறும்போது முனகுவதை அப்பா எனக்கு நடித்துக் காட்டினார். "காது கேட்காத உங்களுக்கு அந்தச் சத்தம் எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "முகத்துலயே தெரியுது" என்று சைகை செய்துவிட்டு மறுபடி ஒருமுறை மாமாவாக மாறிப் படியேறினார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்துவிட்டது.

பரீட்சை முடிவு வந்துவிட்டது. நானே எதிர்பார்க்காத மார்க். வகுப்பு டீச்சர், "டாக்டர் படிப்புக்குப் போட்டுப் பாரேன்" என்றார். காய் நறுக்கும்போது விரலில் பட்ட கீறலுக்கே அடுப்படியில் மயங்கி விழுந்தவள் நான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் கணக்குப் படிப்புக்குத்தான் போடுகிறேன். காலையில் அப்பாவின் சாயப்பட்டறை ஆபீசிலேயே ஒரு வேலை தருவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். மாலையில் கல்லூரி. அம்மா போன நாளிலிருந்து கடை, வங்கி, கரண்டு ஆபீஸ் என்று எல்லா இடத்திலும் அப்பாவுக்கு நான்தானே வாய்? அவரை விட்டுவிட்டு நான் எந்த ஊருக்குப் போய் என்ன படிக்க?

அப்பா கொஞ்சம் களைத்துத் தெரிகிறார். பயண அலுப்பாக இருக்கும். பட்டறையில் இப்போது சிவப்பு ஓடுகிறது. சிவப்பு ஓடினால் அவர் வியர்வை சிவப்பு, தும்மினால் கைக்குட்டை சிவப்பு, நம் வீட்டு வாளித் தண்ணீர் சிவப்பு.

நீங்கள் தைத்துக் கொடுத்த இரண்டு கால்சட்டையும் அளவு கச்சிதம். ஆனால் அப்பாவுக்கு வெளிர் நிறம்தானே பிடிக்கும், எதற்கு அத்தை இப்படி ஓர் அடர் பழுப்பு? அவரைக் கேட்டேன். தன் காதைத் திருகிக் காட்டினார். அதுதானே அவர் உங்களுக்கு வைத்த பெயர். அக்காவைக் கேள் என்று அர்த்தம். அதனால் கேட்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம்.

உங்கள் செல்ல மருமகள்

&nbsp;

ஜூன் 17

என் வாயாடிக்கு,

அத்தை எழுதுவது. உடம்பு நன்றாக இருக்கிறது, வாயும் நன்றாக இருக்கிறது. உன் கடிதத்தை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் படியேறும்போது சத்தமே போடுவதில்லையாம். சொல்லிவிட்டுப் படியேறினார், தெருவே திரும்பிப் பார்த்தது.

மார்க்கைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. தையல் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டேன். கணக்கோ வழக்கோ, நீ எதைப் படித்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

பழுப்பு ஏன் என்று கேட்டாய். அழுக்குத் தெரியாது, அவ்வளவுதான். சாயப்பட்டறைக்குப் போகிறவனுக்கு வெள்ளை எதற்கு? சின்ன வயதிலிருந்தே அவன் துணியை அலசி அலசி என் கை தேய்ந்தது எனக்கல்லவா தெரியும்? எங்கள் பிறந்த வீட்டில் அவனோடு பேச நேரமிருந்தது எனக்கு ஒருத்திக்குத்தான். காதைத் திருகினால் அக்கா, நாக்கைத் தொட்டால் சிவப்பு, கண்ணைப் பொத்தினால் வெட்கம் என்று நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உண்டாக்கிய பாஷை அது. பிறகு நீ வந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டாய்.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். இனிமேல் அவன் துணியை நீ துவைக்காதே. வயசுக்கு வந்த பெண், படிக்கிற பெண். அவனே துவைக்கட்டும், கை என்ன மெழுகா? தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல். பார்லி வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொடு. உடம்பில் சூடு ஏறினால்தான் எல்லாத் தொல்லையும். கொடுத்துவிட்டு எப்படி இருக்கிறான் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அத்தை

&nbsp;

ஜூலை 11

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே நான் நலம். அப்பாவைப் பற்றி முழு மனதோடு அப்படி எழுத முடியவில்லை. பார்லித் தண்ணீர் தினமும் குடிக்கிறார். மருந்து குடிக்கிற குழந்தை மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டுதான். ஆனாலும் களைப்பு போகவில்லை. சைக்கிளை மேட்டில் தள்ளிக்கொண்டு வருகிறார். இரண்டு வாய்க்கு மேல் சாப்பாடு இறங்குவதில்லை.

துவைக்காதே என்று நீங்கள் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு வேடிக்கை கேளுங்கள். பட்டறைச் சிவப்பு நம் வீட்டில் எந்தச் சோப்புக்கும் மசிந்ததில்லை அல்லவா? போன வாரம் அப்பாவின் உள்துணியில் இருந்த சிவப்பு, பச்சைத் தண்ணீரில் அலசியதுமே போய்விட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். முதலாளி மட்டமான சாயம் வாங்க ஆரம்பித்துவிட்டார் போலிருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதலாளியைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. மறுநாளிலிருந்து அவரே துவைத்துக்கொள்கிறார். ஆக, உங்கள் பேச்சுதான் ஜெயித்தது.

களைப்புக்கு மருந்து வாங்கலாம் என்று தெருக்கோடி டாக்டரிடம் அழைத்துப் போனேன். பசிக்கிறதா, தூக்கம் வருகிறதா, இருமல் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். அவர் வாயை மூடுவதற்குள் நான் கையால் கேட்டு, அப்பாவின் கையைப் பார்த்துப் பதிலும் சொல்லிவிட்டேன். "உங்க பொண்ணு ரேடியோ மாதிரி" என்றார் டாக்டர். "ஒண்ணுக்குப் போறதெல்லாம் சரியா இருக்கா?" என்றும் கேட்டார். அதை எப்படி அத்தை நான் அப்பாவிடம் கேட்பேன்? கையைப் பாதி தூக்கினேன். அப்பா சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். "எல்லாம் சரியாத்தான் இருக்காம்" என்று நானே சொல்லிவிட்டேன். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் வகுப்பு ஆரம்பம்.

மாமாவை மெதுவாகப் படியேறச் சொல்லுங்கள்.

உங்கள் ரேடியோ

&nbsp;

ஜூலை 19

என் கண்ணுக்கு,

உன் கடிதம் இன்று வந்தது, இன்றே எழுதுகிறேன். நலம் விசாரிக்கக்கூட எனக்கு இப்போது பொறுமை இல்லை. அவனை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. நீ கூடப் போகாதே. பட்டறையில் அவனோடு சாயத் தொட்டியில் வேலை செய்கிற தொட்டிக்காரரைக் கூட்டிக்கொண்டு போகச் சொல். ஆம்பளைக்கு ஆம்பளை துணையாகப் போகட்டும். ஏன் எதற்கு என்று துருவாதே. அத்தை சொன்னால் கேள்.

அத்தை

&nbsp;

செப்டம்பர் 2

அன்புள்ள அத்தைக்கு,

நீங்களும் மாமாவும் நன்றாக இருக்க வேண்டும். இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம்தான் காரணம். அப்பாவின் கையைப் படிக்கத் தெரிந்தவள் இந்த ஊரில் நான் ஒருத்தி. தொட்டிக்காரருக்கு 'வா', 'போ', 'சாப்பிட்டாயா' தவிர ஒரு சைகை தெரியாது. அவரோடு அனுப்பு என்கிறீர்களே என்று பொருமிக்கொண்டு யாரையும் எங்கேயும் அனுப்பவில்லை. இப்போது கோபமெல்லாம் போய்விட்டது, அத்தை. போன வாரம் அப்பா பட்டறையிலேயே விழுந்துவிட்டார்.

தொட்டிக்காரர்தான் வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நான் ஓடிப் போனேன். அங்கே ஓர் இளவயது டாக்டர், கண்ணில் தூக்கமே இல்லாதவர், அப்பாவின் இமையை இழுத்துப் பார்த்து, "ரத்தமே இல்லையேம்மா இவருக்கு, எங்க போச்சு?" என்றார். பிறகு கேள்விகள் கேட்டார். நான் வழக்கம்போலப் பொரிந்து தள்ளினேன். அந்தக் கேள்வியும் வந்தது. அப்பா வழக்கம்போலச் சுவரைப் பார்த்தார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க சார்" என்றேன்.

டாக்டர் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ கொஞ்சம் வெளிய இரும்மா."

"நான் இல்லாம அவருக்கு ஒண்ணும் புரியாதுங்க சார்."

"பரவாயில்ல. நாங்க ரெண்டு பேரும் எப்படியோ சமாளிச்சுக்கறோம்."

வெளியே வந்தேன். கதவில் சின்னக் கண்ணாடி இருந்தது. அதன் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்டர் ஒரு தாளில் ஏதோ படம் வரைந்தார். ஆள் நின்று ஒன்றுக்குப் போகிற படம், பள்ளிக்கூடச் சுவரில் பையன்கள் கிறுக்குவார்களே, அந்த மாதிரி. பிறகு மேஜையிலிருந்து ஒரு மஞ்சள் பென்சிலையும் ஒரு சிவப்புப் பென்சிலையும் எடுத்து அப்பா முன்னால் வைத்தார். அப்பா கதவைப் பார்த்தார். நான் சட்டென்று குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அவர் கையில் சிவப்புப் பென்சில் இருந்தது.

அதற்குப் பிறகு அப்பா பேசினார், அத்தை. இரண்டு கையாலும், நிறுத்தாமல். ஒரு சைகைகூடத் தெரியாத அந்த மனிதரிடம் என்னிடம் பேசியதைவிட அதிகமாகப் பேசினார். "வலி இல்ல. பட்டறையில சிவப்பு ஓடுற நாள்ல வந்துச்சு, சாயம்தான் உள்ள போய் இறங்குதுன்னு நெனச்சேன்." பிறகு கண்ணைப் பொத்திக்கொண்டார். வாய்க்கு முன்னால் விரல்களைக் கொத்திக் காட்டினார். வெட்கம், அப்புறம் வாயாடி, அதாவது நான். நர்ஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கண்ணாடியை மறைத்துவிட்டார். மீதியை நான் பார்க்கவில்லை.

அவருக்கு நான்தான் வாய் என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன். அந்த வாயைப் பூட்டி வைத்திருந்ததும் நான்தான். பச்சைத் தண்ணீரில் போன அந்தச் சிவப்பு சாயமே இல்லை. அதை அலசிவிட்டு நான் சந்தோஷப்பட்டேன், உங்களுக்கும் எழுதினேன்.

பரிசோதனைகள் நடக்கின்றன. உடனே பதில் போடுங்கள்.

உங்கள் மருமகள்

&nbsp;

அக்டோபர் 5

அன்புள்ள அத்தைக்கு,

வீட்டில் எல்லோரும் நலமா? உங்களிடமிருந்து ஒரு கார்டுகூட வரவில்லை. மாமாவுக்கு ஏதாவதா? இல்லை, போன கடிதம்தான் வந்து சேரவில்லையா?

அப்பாவுக்கு மூத்திரப்பையில் புற்று. பையின் சுவரைத் தாண்டி எலும்பு வரை போய்விட்டதாம். சாயப்பட்டறையில் வெகுகாலம் வேலை செய்கிறவர்களுக்கு இது வருவதுண்டு என்று டாக்டர் சொன்னார். அறுவை செய்து பயன் இல்லையாம். "மொதமொத சிவப்பா போனப்பவே வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

கல்லூரியை நிறுத்திவிட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பை தொங்குகிறது. அதில் எவ்வளவு, என்ன நிறம் என்று நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் தடவை பையைக் காலி செய்தபோது மயக்கம் போட்டு நர்சம்மா மேலேயே விழுந்தேன். இரண்டாம் தடவை சுவரில் விழுந்தேன். இப்போதெல்லாம் விழுவதில்லை. அப்பாவுக்கு அதைப் பார்த்து ஒரே சிரிப்பு. நான் பையைத் தொடும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

டாக்டர் எனக்குத் தாள், பென்சில் எல்லாம் காட்டிப் பாடம் எடுக்கவில்லை. நான்தான் அவரைத் துளைக்கிறேன். ரத்தம் எங்கிருந்து வருகிறது, ஏன் வலிக்கவில்லை, ஏன் நின்று நின்று வந்தது என்று. "நீ என்ன, பரீட்சை எழுதப் போறியா?" என்று கேட்டார்.

ஏன் எழுதவில்லை, அத்தை?

உங்கள் மருமகள்

&nbsp;

அக்டோபர் 24

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதங்கள் இரண்டும் வந்தன. மாமாவுக்கு ஒன்றும் இல்லை. தீபாவளித் துணி தைக்கிற காலம், இரண்டு மெஷினில் ஒன்று மக்கர், துணை ஆள் வேறு நின்றுவிட்டாள். எழுத உட்கார்ந்தால் யாராவது அளவு கொடுக்க வந்துவிடுகிறார்கள். நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

அவனுக்கு மெத்தென்று நாலு சட்டை தைத்து அனுப்பியிருக்கிறேன். முன்பக்கம் முழுவதும் திறக்கிற மாதிரி வைத்திருக்கிறேன், கையைத் தூக்காமல் போடலாம். எல்லாம் வெளிர் நீலம்.

நீ உன்னையே குற்றம் சொல்லிக்கொள்ளாதே. நீ குழந்தை. உனக்கு என்ன தெரியும்? தெரிய வேண்டியவர்கள்...

அடுத்த மாதம் வருகிறேன். அவனிடம் காதைத் திருகிக் காட்டு.

அத்தை

&nbsp;

டிசம்பர் 3

அன்புள்ள அத்தைக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா? பஸ்ஸில் இடம் கிடைத்ததா? நீங்கள் வந்திருந்த நாட்களில் அப்பா வயிறு நிறையச் சாப்பிட்டார். வெளிர் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வார்டு முழுவதும் மாப்பிள்ளை மாதிரி பார்க்கிறார்.

ஒன்று கேட்க நினைத்தேன், நேரில் வாய் வரவில்லை. ஒரு மத்தியானம் நான் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தபோது நீங்களும் அப்பாவும் எதையோ பேசிக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் அழுதுகொண்டே கையால் பேசினீர்கள். அப்பா வேண்டாம், வேண்டாம் என்று காட்டினார். என்னைப் பார்த்ததும் இரண்டு பேருடைய கைகளும் மடிக்குப் போய்விட்டன. நான் தூக்கைத் திறந்து பரிமாறினேன். அவ்வளவுதான்.

இன்னொரு செய்தியும் உண்டு. அதையும் நேரில் சொல்லவில்லை, சிரிப்பீர்களோ என்று பயம். நான் டாக்டருக்குப் படிக்கப் போகிறேன். அடுத்த வருடம் நுழைவுத் தேர்வு எழுதுகிறேன். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே படிக்கிறேன். இந்த ஊரில் சைகை தெரிந்த டாக்டர் ஒருவர்கூட இல்லை, விசாரித்துவிட்டேன். வாய் பேசாதவர்கள் எல்லோரும் மகனையோ மனைவியையோ கூட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். அவர்கள் தனியாக வந்து, கதவைச் சாத்திவிட்டு, யார் முகத்தையும் பார்த்து வெட்கப்படாமல் சொல்வதற்கு ஒரு அறை வேண்டும். அந்த அறையில் நான் இருக்க வேண்டும்.

முதலில் அப்பாவிடம் சொன்னேன். நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக் காட்டிவிட்டு, வாய்க்கு முன்னால் விரல்களைக் கொத்தினார். வாயாடி டாக்டர். "நோயாளியைப் பேசவே விட மாட்டியே" என்று சிரித்தார். பிறகு என் தலையில் கை வைத்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

மாமாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்

&nbsp;

டிசம்பர் 14

என் தங்கத்துக்கு,

அத்தையின் ஆசி. சிரிக்கவில்லை. கடையில் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அழுதேன், பிறகு வந்தவர்களிடமெல்லாம் என் மருமகள் டாக்டர் என்று சொல்லியும்விட்டேன். இனி நீ பாஸ் பண்ணித்தான் ஆக வேண்டும், என் மானம் உன் கையில். படிப்பதற்கு எது வேண்டுமென்றாலும் என்னிடம் கேள், கூச்சப்படாதே.

நீ கேட்டதற்குப் பதில் எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். முக்கால் பக்கம் வந்துவிட்டது, அது மட்டும் இன்னும் வரவில்லை. மாமா தபால் பெட்டிக்குக் கிளம்பிவிட்டார். இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அவன் தலையணையை உயர்த்தி வை. மூச்சு வாங்குகிறது என்று நான் வந்தபோது சொன்னாயே.

அத்தை

&nbsp;

பிப்ரவரி 10

அன்புள்ள அத்தைக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் இருக்கிறேன். அப்பா இல்லாத வீட்டில் ஒரு புதுத் தொல்லை: என் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. வாசலில் பால்காரர் வந்தால்கூட வாயால் பேசிக்கொண்டே கையாலும் பேசுகிறேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

அப்பா போன அன்று வந்த கூட்டத்தில் நாம் பேச முடியவில்லை. கூட்டம் போன பிறகும் நாம் பேசவில்லை. நீங்கள் அவருடைய செருப்பைத் துடைத்து ஓரமாக வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள்.

போன மாதம் தொட்டிக்காரர் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, "அந்த டாக்டர் தனியாப் பாப்பாராம்மா?" என்று கேட்டார். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சீட்டு வாங்கிக் கொடுத்து, அறைக் கதவு வரை கொண்டுபோய் விட்டேன். கதவு சாத்தியதும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவருக்கும் அதேதானாம். ஆனால் ஆரம்பம். அறுவை செய்து எடுத்துவிட்டார்கள், பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவின் கட்டிலில் விழுந்து கதறினேன்.

படிக்கிறேன். உங்களிடமிருந்து வர வேண்டிய கடிதத்துக்காகக் காத்திருக்கிறேன்.

உங்கள் மருமகள்

&nbsp;

மே 6

அன்பு மருமகளுக்கு,

நலமாக இருக்கிறாயா? தேர்வு நன்றாக எழுதினாயா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மாமா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

இங்கே எல்லாம் நடக்கிறது. கடைக்கு யாராவது பழுப்புத் துணி கொண்டுவந்தால் மட்டும் திருப்பி அனுப்பிவிடுகிறேன். மெஷினுக்கு அந்த நூல் இல்லை என்கிறேன். மாமா ஒருநாள் அலமாரியைத் திறந்து, இவ்வளவு நூல் இருக்கிறதே என்றார். நான் போய் அலமாரியைச் சாத்தினேன்.

நீ காத்திருப்பது எனக்குத் தெரியும். என்னை மன்னித்துவிடு என்று எழுதலாம், அதற்கு முன்னால் எதற்கு என்று எழுத வேண்டுமே. அங்கேதான் என் கை நின்றுவிடுகிறது.

அத்தை

&nbsp;

ஆகஸ்ட் 1

என் அன்பான அத்தைக்கு,

நீங்களும் மாமாவும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படிக்க வேண்டாம். முதலில் நீங்கள் மட்டும் படியுங்கள். எனக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் சேர்கிறேன்.

நேர்முகத்தில் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். "ஏம்மா டாக்டராகணும்னு நினைக்கிறே?" என்று ஓர் அம்மா கேட்டார். ஏழைகளுக்குச் சேவை செய்ய என்றேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எனக்கு முன்னால் போனவளும் அதையேதான் சொன்னாளாம். உண்மையைச் சொன்னால் அப்பா கடைசி வரை மறைத்ததை அந்த மேஜை மேல் வைக்க வேண்டியிருக்கும். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காரணம் தெரிந்தவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

அந்த இரண்டு பழுப்புக் கால்சட்டையும் என்னிடம்தான் இருக்கின்றன, அத்தை. ரத்தம் பட்டால் தெரியாத அந்த நிறம் ஏன் என்று நான் இனிக் கேட்க மாட்டேன். எனக்குத் தெரியும். அப்பாவே சொல்லிவிட்டார், போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால். உங்களிடம் சொல்லச் சொல்லித்தான் சொன்னார். நான் சொல்லவில்லை. நீங்களே எழுதட்டும் என்று வீம்பாக வைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் மேல் எனக்கு அவ்வளவு கோபம். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை எனக்கு எழுதியிருந்தால் அப்பா இருந்திருப்பாரோ என்று எத்தனையோ நாள் உங்களைத் திட்டியிருக்கிறேன். மே மாதக் கடிதத்தைப் படித்த பிறகு திட்ட முடியவில்லை. சாயம் என்று அவர் நம்பினார், சூடு என்று நீங்கள் நம்பினீர்கள், நான் துவைத்துக் காயப்போட்டேன்.

அப்பா என்னிடம் எத்தனையோ பேருக்குச் சொல்லச் சொன்னதை நான் கூட்டியும் குறைத்தும் சொல்லியிருக்கிறேன். கடைக்காரரைத் திட்டினால் நல்ல வார்த்தையாக மாற்றிவிடுவேன். இதை மட்டும் மாற்றாமல் எழுதுகிறேன். அவர் முதலில் காதைத் திருகினார். பிறகு மெதுவாக, கை தளர்ந்திருந்ததால் ஒவ்வொன்றாகச் சொன்னார்:

"அக்காவைத் திட்டாதே. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினது நான். உன் முகத்தைப் பாத்து அதைச் சொல்ல எனக்கு வெட்கமா இருந்துச்சு. அவகிட்ட சொன்ன அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன். ஒருத்தர்கிட்டயாவது சொல்ல முடிஞ்சுதே."

சொல்லிவிட்டேன், அத்தை. இனி நீங்கள் அந்தக் கடிதத்தை எழுத வேண்டாம். கல்லூரிக்குப் போட எனக்கு வெள்ளைக் கோட்டு வேண்டும். அளவு உங்களுக்குத் தெரியும். கறை பட்டால் தெரியட்டும், வெள்ளையிலேயே தையுங்கள்.

உங்கள் வாயாடி